தோலின் விலை

பொஹிகோன் சந்தைக்குப் பின்னால்
மரவள்ளி சீவுகிற ஆறு பெண்களில்
நடுவில் உட்காருகிறவள் நான்.
கிழங்கு இயந்திரத்துக்குப் போகும், துருவப்படும், பிழிபடும்,
வறுபட்டு ரவையாகி மூட்டையில் ஏறும்.
தோல் என் காலடியிலேயே கிடக்கும்.
இரண்டாம் நாள் புளிக்கும். மூன்றாம் நாள் ஈ.
நான்காம் நாள் நகராட்சிக்காரன் வந்து
எங்கள் ஆறு பேரின் பிறப்பைப் பற்றியும் பேசுவான்.
என் குவியலைக் காலால் பக்கத்தவளிடம் தள்ளுவேன்.
அவள் அடுத்தவளிடம்.

அதனால்தான்
வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டிக் கால் முறிந்த செவானு
கோணியோடு வந்து
இதை எடுத்துக்கொள்ளட்டுமா என்றபோது
சிரிப்பு வந்தது.
எடுத்துக்கொள், ராசா,
ஈயையும் சேர்த்து எடுத்துக்கொள்.

முயலுக்காம்.
வண்டியை விற்று முயல் வாங்கியிருக்கிறான்.
ஒருநாள் பார்க்கப் போனேன்.
மூங்கில் கூண்டு. கூரைத் தகரத்தின்மேல்
என் தோல் காய்ந்துகொண்டிருந்தது.
கீழே நிலக்கடலை பிடுங்கியபின் மிஞ்சிய கொடி,
சோயாக்கட்டி செய்கிறவள் பிழிந்தெறிந்த சக்கை,
அரிசி ஆலைத் தவிடு, வள்ளிக்கொடி.
ஊர் கழித்ததெல்லாம் அங்கே வரிசையில் நின்றது.

தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை
ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டு
கொக்கித் தராசில் மாட்டினான்.
பை துள்ளியது. முள் துள்ளியது.
இரண்டும் அடங்கும்வரை மூச்சை நிறுத்திக் காத்திருந்தான்.
போன வாரம் அறுநூறு கிராம்.
இந்த வாரம் எழுநூற்று அறுபது.
பழைய பெட்ரோல் கணக்கு நோட்டின்
பின்பக்கத்தில் எழுதினான்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
நூற்று அறுபது கிராம்.
அதில் என் பங்கு எத்தனை?

மறுநாள், கோணி நூறு பிராங்கு என்றேன்.
நேற்றுவரை குப்பை என்றான்.
நேற்றுவரை உன் தராசை நான் பார்க்கவில்லை என்றேன்.
கெஞ்சினான். காலைக் காட்டினான்.
முயல் அவனுடையது,
மூன்றே கால் என்று நின்றவள் நான்.

அவன் வேறு இடம் தேடிப் போனான்.
ஜூன் மாதம். வானம் ஈரத்துணி.
எங்கிருந்தோ சல்லிசாக வாங்கிய தோல்,
கசப்பு மரவள்ளியின் தோல்,
மூன்று நாள் வெயில் கேட்கிற பண்டம்.
கிடைத்தது அரை நாள்.
விடியும்போது ஒன்பது முயல்கள் கிடந்தன,
பக்கவாட்டில், கால் நீட்டி.

என்னைக் குறை சொல்ல வருவான் என்று
பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
வந்தவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார முயன்று
கால் மடங்காமல்
நின்றபடியே கேட்டான்:
எது கசப்பு என்று உனக்கு எப்படித் தெரியும்?

இருபது வருடமாகச் சீவுகிறேன்.
இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

காம்பின் நிறத்தைக் காட்டினேன்.
தோலைக் கீறி நுனிநாக்கில் வைத்துத் துப்பக் காட்டினேன்.
அந்தியில் என் விரலிடுக்கு எரிந்தால்
அன்றைய கிழங்கு எது என்று எனக்குத் தெரியும்,
அதை மட்டும் காட்ட முடியவில்லை.

இப்போது இரண்டு குவியல் வைக்கிறேன்.
கசப்பைத் தார்ச்சாலை ஓரம் பரப்பி
ஒடித்தால் டக்கென்று முறியும்வரை விடுகிறேன்.
கோணி இருநூறு பிராங்கு.
வெயிலுக்குத் தனிக் கூலி, செவானு,
நாக்குக்கும்தான்.
முணுமுணுத்துக்கொண்டே கொடுக்கிறான்.

மற்ற ஐந்து பேரும் இப்போது
என் பக்கம் எதையும் தள்ளுவதில்லை.
நேற்று ஒரு பிடித் தோலுக்காக
ரெண்டு பேர் முடியைப் பிடித்துக்கொண்டார்கள்.
நகராட்சிக்காரன் விலக்கிவிட்டான்,
பாவம், அவனுக்குத் திட்ட ஒன்றுமில்லை.

வருடக் கடைசியில் ஒரு முயல் கொண்டுவந்தான்.
கைமாறாக, என்றான்.
வாங்கியதும் காதைப் பிடிக்காமல்
பிடரியைப் பிடித்துத் தூக்கினேன்.
இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
என் கைக்கும் இப்போது முள் உண்டு.

வாசல்வரை போனவன் திரும்பினான்.
உரித்தபின் தோலை மட்டும் எறிந்துவிடாதே,
பை தைக்கிற ஒருவன் கேட்கிறான் என்றான்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

எவ்வளவு தருவானாம்?